சைக்கிளும் கேமராவும் பருந்தும்: வயலைப் படிக்க ஒரு பாடம்



எங்க ஊர் காவிரிக் கடைமடை. வீட்டிலிருந்து வயலுக்கு வாய்க்கால் கரையோரமாக 4 கிலோமீட்டர். தினமும் காலையில் தண்ணி பார்க்க சைக்கிளில்தான் போவேன். அந்தப் பாதையில்தான் பருந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன். அக்கா மகன் தன்னுடைய பழைய ஜூம் கேமராவைக் கொடுத்த பிறகு, பார்த்ததைப் படமும் எடுக்க ஆரம்பித்தேன்.

"விவசாயிக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்பீர்கள். ஊரிலும் அப்படித்தான் கேட்டார்கள். மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கிறோம், மண்புழு இருக்கிறதா என்று தேடுகிறோம். வயலின் கீழ்த்தட்டு அது. அதே வயலின் மேல்தட்டு வானத்தில் சுற்றுகிறது. பூச்சி, தவளை, எலி, பாம்பு எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் அதற்குச் சாப்பாடு. எந்த இரைகொல்லிப் பறவை எத்தனை, எந்தப் பருவத்தில் நம்ம வயலுக்கு வருகிறது என்பது மண் பரிசோதனை மாதிரி ஒரு கணக்கு. அந்தக் கணக்கை எடுக்கிற வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் செய்த தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஏன் சைக்கிள்?

மோட்டார் வண்டிச் சத்தத்தில் நமக்குக் காது கேட்காது. நடந்து போனால் 4 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகிவிடும். சைக்கிள் இரண்டுக்கும் நடுவில். மெதுவாக மிதித்தால் இரண்டு பக்கமும் கண்ணை ஓட்டலாம். நெல் வளர்ந்து நின்றாலும் தலைக்கு மேல் பார்வை போகும்.

இன்னொன்று, தினமும் சைக்கிள் போகிற பாதையில் உட்காரும் பறவை சைக்கிளுக்குப் பழகிப்போயிருக்கும். நீங்கள் கடந்து போகிறவரை அது அசையாது. திடீரென்று பிரேக் பிடித்து, காலை ஊன்றி, நேராக முறைத்துப் பார்த்தால் அடுத்த நொடி பறந்துவிடும். அதனால் பறவையைப் பார்த்ததும் நிற்காதீர்கள். அதே வேகத்தில் கடந்துபோய், ஐம்பது அறுபது அடி தள்ளி நின்று, சைக்கிளை மறைப்பாக வைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்புங்கள்.

எங்கே, எப்போது தேடுவது?

விடிந்த முதல் இரண்டு மணி நேரத்தில் இவை பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும். மின்கம்பி, மின்கம்பம், பட்டுப்போன கிளை, தனிப்பனை, வரப்பில் நிற்கும் ஒற்றை வேலமரம், இதையெல்லாம் வரிசையாகப் பாருங்கள். வெயில் ஏறி ஒன்பது பத்து மணியானால் சூடான காற்று மேலே எழும்பும். அதைப் பிடித்துக்கொண்டு பெரிய பருந்துகள் சிறகடிக்காமலே வட்டமிட்டு ஏறும். அப்போது வானத்தைப் பாருங்கள்.

கண்ணைவிடக் காது முந்திக்கொள்ளும். கரிச்சான் கத்திக்கொண்டு எதையாவது துரத்துகிறதா? மைனாக் கூட்டம் ஒரேயடியாகக் கிளம்புகிறதா? காக்கை ஒரு மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்துகிறதா? அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். டிராக்டர் உழும் இடத்தையும் விடாதீர்கள். கொக்குக்கு மேலே செம்பருந்தும் கரும்பருந்தும் சுற்றிக்கொண்டிருக்கும்.

யார் யார் என்று தெரிந்துகொள்ள

நம்ம ஊரில் எல்லாவற்றையும் 'பருந்து', 'கழுகு' என்று இரண்டே பேரில் அடக்கிவிடுகிறோம். நிறத்தைவிட வாலையும் பறக்கும் விதத்தையும் முதலில் பாருங்கள்.

கரும்பருந்து: உடம்பு முழுக்கப் பழுப்பு. வாலின் நுனி நடுவில் வெட்டுப்பட்டது போல இருக்கும்.

செம்பருந்து: கருடன் என்று கும்பிடுகிறோமே, அதுதான். வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, செங்கல் நிற உடம்பு. வால் நுனி வட்டமாக இருக்கும்.

கருந்தோள் பருந்து: காக்கையைவிடச் சிறியது. வெள்ளையும் சாம்பலும் கலந்த உடம்பு, தோளில் கறுப்புத் திட்டு, சிவப்புக் கண். பறந்துகொண்டே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். காலைத் தொங்கவிட்டு மெல்ல இறங்கிப் புல்லுக்குள் பாயும். இதன் முக்கியச் சாப்பாடு எலி.

வைரி: சில ஊர்களில் வல்லூறு என்பார்கள். புறா அளவு. நாலைந்து முறை வேகமாகச் சிறகடிக்கும், பிறகு சறுக்கும். ஓணான், சிறு குருவி, எலி, பெரிய பூச்சி எல்லாம் பிடிக்கும். அக்காக்குயில் பார்க்க அப்படியே இதைப் போல இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். வைரியின் அலகு வளைந்து கொக்கிபோல இருக்கும்.

பூனைப்பருந்து: குளிர்கால விருந்தாளி. ஐப்பசி வாக்கில் வடக்கிலிருந்து வந்து பங்குனிக்குள் திரும்பிவிடும். நெற்பயிருக்கு மேலே தாழ்வாக, சிறகை லேசாகத் தூக்கிப் பிடித்தபடி வயலை அளப்பது போலப் போகும். ராத்திரி மரத்தில் அடையாது, தரையில்தான் தங்கும். புல்வெளி, தரிசு இருந்தால்தான் இதற்குப் படுக்கை.

பாம்புக்கழுகு: புஞ்சைக்காட்டுப் பக்கம் பார்க்கலாம். வெளுத்த வயிறு, ஆந்தை போலப் பெரிய தலை. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு இதுவும் காற்றில் ஒரே இடத்தில் நிற்கும்.

ராத்திரி வேலை கூகைக்கு. பழைய கோபுரம், பாழடைந்த கட்டடத்தில் இருக்கும். வெள்ளை முகத்தைப் பார்த்து அபசகுனம் என்று விரட்டுகிறோம். அது தங்குமிடத்துக்குக் கீழே கறுப்பாக உருண்டைகள் கிடக்கும். சாப்பிட்ட எலியின் எலும்பையும் மயிரையும் சேர்த்துக் கக்கியது அது. ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துப் பாருங்கள். எலியின் மண்டை ஓடு தனியாகக் கிடைக்கும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம்.

படம் எடுக்கும்போது

விலை உயர்ந்த கேமரா வேண்டாம். நல்ல ஜூம் இருக்கிற பழைய கேமரா போதும். பழைய துண்டில் சுற்றி முன்கூடையில் வைத்துக்கொள்ளுங்கள், குலுக்கலில் லென்ஸ் கெடாது.

வெளிச்சம் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். காலையில் மேற்கு நோக்கிப் போகும்போதும் மாலையில் கிழக்கு நோக்கி வரும்போதும் படம் நன்றாக வரும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி அல்லது அதற்கு மேல். வானத்தை எதிர்த்துப் பறக்கும் கரும்பருந்து வெறும் நிழலாகத்தான் விழும். வெளிச்ச அளவை ஒரு படி கூட்டுங்கள். கருந்தோள் பருந்து வெள்ளையாக இருப்பதால் வெயிலில் வெளிறிப்போகும். அதற்குக் கொஞ்சம் குறையுங்கள். முதல் படத்தைத் தூரத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். கிட்டே போய் எடுக்கலாம் என்று போனால் அதுவும் கிடைக்காமல் போகும்.

அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், எந்த வயல், பயிர் எந்தப் பருவம், பறவை எதில் உட்கார்ந்திருந்தது, காலில் என்ன இருந்தது. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். நம்ம கண்ணுக்குத் தெரியாததைப் போட்டோவைப் பெரிதாக்கினால் பார்க்கலாம்.

நான் செய்த தப்பு

கேமரா வந்த முதல் வருசம். வாய்க்கால் ஓரத்து வேலமரத்தில் கருந்தோள் பருந்து கூடு கட்டியிருந்தது. நல்ல படம் வேண்டும் என்ற ஆசையில் நேரே மரத்தடியில் போய் சைக்கிளை நிறுத்தினேன். தாய்ப்பறவை கத்திக்கொண்டே எழும்பியது. எனக்கோ, ஆகா, பறக்கும் படம் கிடைக்கிறதே என்று சந்தோசம். இருபது நிமிடம் அங்கேயே நின்றேன். கூடு காலியாக இருந்ததைக் காக்கையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் வீடு திரும்பும்போது இரண்டு காக்கை அந்த மரத்தில் இருந்தன. மறுநாள் கூட்டில் யாரும் இல்லை.

படம் நன்றாகத்தான் வந்திருந்தது. இன்றுவரை யாருக்கும் காட்டியதில்லை.

அதிலிருந்து எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்: கூடு தெரிந்தால் அந்தப் பக்கமே நிற்கக்கூடாது. பறவை கத்தினாலோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாலோ நான் அளவு மீறிவிட்டேன் என்று அர்த்தம், உடனே கிளம்பவேண்டும். கூடு இருக்கும் இடத்தைப் போனில் எவருக்கும் அனுப்பக்கூடாது. முட்டையையோ குஞ்சையோ தொடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பெரியப்பாவும் ஒரு போட்டோவும்

போன வருசம் சம்பா தூர் கட்டும் நேரத்தில், அதே வாய்க்காலின் வேறொரு வேலமரத்தில் ஒரு ஜோடி கூடு கட்டியது. இந்த முறை எதிர்க்கரையில், இருநூறு அடி தள்ளி, பூவரச மறைவில் உட்கார்ந்தேன். நான்கு காலை, தினம் இரண்டு மணி நேரம். ஒன்பது முறை இரை வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் ஏழு எலி.

அந்த வாரம்தான் பக்கத்து வயல் பெரியப்பா எலிக்கேக் வாங்கி வந்தார். வரப்பெல்லாம் வளை, அவர் கவலை நியாயமானது. ஆனால் அந்தக் கேக்கில் இருப்பது புரோமடியோலோன். தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறையாமல், சில நாள் தள்ளாடித் தள்ளாடித் திரிந்துதான் சாகும். ஓடமுடியாத எலியைத்தான் பருந்தும் கூகையும் சுலபமாகப் பிடிக்கும். விஷம் எலியின் ஈரலில் தங்கியிருக்கும். அங்கிருந்து தாய்க்கு, தாயிடமிருந்து குஞ்சுக்கு.

இது கற்பனை இல்லை. 1995–96இல் அர்ஜென்டினாவில் வெட்டுக்கிளிக்கு மோனோகுரோட்டோபாஸ் அடித்தார்கள். அந்த வெட்டுக்கிளியைத் தின்ற ஸ்வெயின்சன் பருந்துகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. நம்ம நாட்டிலேயே மாட்டுக்குப் போட்ட டைக்குளோபினாக் வலி ஊசியால் பாறுக் கழுகுகள் அழிந்துபோய், 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்யவேண்டி வந்தது. கழுகைக் கொல்லவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. எலிக்கும் பூச்சிக்கும் மாட்டுக்கும் என்று கொடுத்ததுதான் அங்கே போய்ச் சேர்ந்தது.

கேமராவை எடுத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போனேன்.

"ஏன்டா தம்பி, பருந்தப் படம் புடிச்சா சோறு வெந்துருமா?" என்றார்.

நான் வாதாடவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். பருந்தின் காலில் எலி, வால் தொங்குகிறது. பின்னால் அவருடைய வயலின் மோட்டார் கொட்டகை.

கொஞ்ச நேரம் பார்த்தார். "இது நம்ம வரப்பு எலியா?"

"நம்ம வரப்புதான் பெரியப்பா. நாலு நாள்ல ஏழு. நான் பாத்தது மட்டும்."

"ஒரு ஜோடிப் பருந்து ஊரு எலியெல்லாம் தின்னுருமா?"

"தின்னாது. மிச்சத்துக்கு நாம கிட்டி வைப்போம்."

"சரி, இந்த ஒரு போகம்தான். எலி ஏறுச்சுன்னா அப்புறம் நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன்" என்று கேக்கைப் பரணில் போட்டார்.

எலி பிடிக்கிறவரை வரவழைத்து இரண்டு பேர் வயலிலும் கிட்டி வைத்தோம். வரப்பை வெட்டி ஒடுக்கினோம். ஏக்கருக்கு 15 பறவைத் தாங்கி நட்டோம். அறுப்பு வரை கேக் இறங்கவில்லை. சேதமே இல்லை என்று சொல்லமாட்டேன். குட்டையை ஒட்டிய மூலையில் எலி வெட்டியிருந்தது. மூன்று குஞ்சில் இரண்டு பறந்தன. இந்த வருசம் தாங்கி நட பெரியப்பாவே கூப்பிட்டார்.

வயலில் செய்யவேண்டியது

நட்ட பத்து நாளுக்குள் 'டி' வடிவத்தில் தாங்கி நடுங்கள், பயிருக்கு மேலே மூன்று நான்கு அடி உயரம் தெரியட்டும். குறுக்குக் கட்டையில் வைக்கோல் சுற்றினால் கூகைக்கு நல்ல பிடி. தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலும் போதும். பால் பிடிக்கும் சமயத்தில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கதிர் தின்னும் குருவி வந்து உட்காரும்.

ஒற்றை வேலமரம், பனை, புளியமரத்தை விறகு விலைக்குத் தள்ளாதீர்கள். கூடு இருந்தால் இரண்டு மாதமாவது அந்த மரத்தில் கிளைகூடக் கழிக்காதீர்கள். முட்டை பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு பறக்க இன்னொரு மாதம்.

பொங்கல் சமயத்தில் நான்கு நாள் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடம் நம்ம வயலில் நின்று எண்ணினால் போதும், நாமும் சேரலாம். கேமரா இல்லாதவர்கள் நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே ஆரம்பிக்கலாம். சைக்கிளுக்குக் காற்று இருக்கிறதா என்று மட்டும் ராத்திரியே பார்த்து வைத்துவிடுங்கள்.