தூய கணிதமா, பயன்பாட்டுக் கணிதமா: நாஞ்சில் நாட்டு மாணவர் தேரும் முறை

நாஞ்சில் நாட்டுக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டம் பெரும்பாலும் ‘கணிதம்’ என்ற ஒரே பெயரில் வழங்கப்படுவதால், தூயது, பயன்பாடு என்னும் பிரிவு விண்ணப்பப் படிவத்தில் தென்படாமல், விருப்பப் பாடங்களைத் தேரும் பருவத்திலேயே மாணவரின் முன் வந்து நிற்கிறது. தேற்றங்களை அவற்றின் உண்மைக்காகவே நிறுவுவது தூய கணிதம். இயற்கையிலோ தொழிலிலோ எழும் சிக்கலைச் சமன்பாடாக்கித் தீர்வு காண்பது பயன்பாட்டுக் கணிதம்.

முதலில் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தைப் பெற்று, எந்தப் பருவத்தில் எந்த விருப்பப் பாடம் வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, தன் மனச்சாய்வைத் தானே சோதித்தறிய வேண்டும். எடுத்துக்காட்டாக, முப்பந்தல் காற்றாலைகளுக்குக் காற்று தரும் திறன், காற்று வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு நேர்விகிதமானது. ஒரு மணி நேரம் நொடிக்கு 4 மீட்டர், மறு மணி நேரம் 8 மீட்டர் என்று காற்று வீசினால் சராசரி வேகம் 6, அதன் மூன்றாம் அடுக்கு 216. ஆனால் 64, 512 ஆகிய மூன்றாம் அடுக்குகளின் சராசரியோ 288. இந்த வேறுபாட்டைக் கண்டதும், எல்லா மிகை எண்களுக்கும் இது பொருந்துமா என்று நிறுவத் துடிப்பவருக்குத் தூய கணிதம் உகந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் உண்மையான காற்றளவுகளைத் திரட்டி, ஆண்டு மின் உற்பத்தியைக் கணிக்க விரும்புபவருக்குப் பயன்பாட்டுக் கணிதம் உகந்தது. இந்தச் சோதனை மதிப்பெண் பட்டியலைவிட நம்பத்தக்கது.

தூய கணிதம் பெருநகரத்தாருக்கே உரியது என்ற தயக்கம் இப்பகுதியில் தேவையற்றது. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற எஸ். எஸ். பிள்ளை, எந்த மிகை முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூடுதலாக எழுதலாம் என்று 1940இல் நிறுவினார். மறுபுறம், சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் பயின்ற எஸ். ஆர். எஸ். வரதன், நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கு ஆற்றிய அடிப்படைப் பங்களிப்புகளுக்காகவே 2007இல் ஏபல் பரிசு பெற்றார் என்பதால், இளநிலையில் எடுக்கும் முடிவு வாழ்நாள் வேலியன்று.

எதைத் தேர்ந்தாலும் மெய்ப்பகுப்பாய்வையும் (எல்லை, தொடர்ச்சி ஆகியவற்றைக் கண்டிப்பான நிறுவல்களோடு ஆராயும் பாடம்) நேரியல் இயற்கணிதத்தையும் விட்டுவிடலாகாது; ஏனெனில் ஐ.ஐ.டி.களில் முதுநிலை சேர்வதற்கான ஜாம் தேர்வு இரண்டையும் கேட்கிறது. பயன்பாட்டுப் பக்கம் செல்பவர் இவற்றோடு ஒரு நிரல்மொழியையும் பழக வேண்டும்.

ஆசிரியப் பணியை நாடுவோர், முதுநிலைப் பட்டத்தின் பெயர் ‘கணிதம்’ என்பதிலிருந்து மாறுபடுமானால், அதனை இணையான பட்டமாக ஏற்கும் அரசாணை உள்ளதா என்று சேர்வதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, அதன் நகலையும் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.