சாவியைக் கொடுக்குமுன்: வாகனக் காப்புறுதியும் எமது பிள்ளைகளும்



2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் மழை பதுளை மாவட்டத்தின் பல சரிவுகளை மீண்டும் கீழே இறக்கியது. இப்படி வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வந்த குடும்பங்களுக்கு இன்று நிலம் ஓரிடத்தில், தங்குமிடம் வேறோரிடத்தில். போஞ்சியையும் கோவாவையும் சந்தைக்குக் கொண்டு போகவும், கைவிட்டு வந்த காணியைப் போய்ப் பார்க்கவும் ஒரு மோட்டார் சைக்கிளோ முச்சக்கர வண்டியோ வேண்டியிருக்கிறது. கையிலிருந்த பணத்தை முற்பணமாகக் கட்டி, மிகுதியை லீசிங்கில் எடுக்கிறோம். வண்டி வீட்டுக்கு வந்து சில நாட்களில் அதை ஓட்டப் பழகிவிடுபவன் பதினாறு, பதினேழு வயது மகன்.

இந்தப் பாடத்தில், அந்த வண்டியின் காப்புறுதிப் பத்திரத்தைப் பற்றியும், அதை ஓட்டும் பிள்ளையைப் பற்றியும் சேர்த்துச் சிந்திப்போம்.

எங்கும் நடக்கக்கூடிய ஒரு கதை

மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். தகப்பனாருக்குக் காய்ச்சல். விடிந்தால் சந்தை. பறித்து வைத்த மரக்கறி வாடிவிடும். "இந்தா சாவி, மூட்டைய பசறையில போட்டுட்டு மெதுவா வா தம்பி" என்கிறார். "சரிப்பா" என்று மகன் புறப்படுகிறான். வயது பதினேழு. கை சுத்தமாக ஓட்டுவான். அனுமதிப்பத்திரம் மட்டும் இல்லை.

திரும்பி வருகையில் மூடுபனி. வளைவொன்றில், கொழுந்து நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்த ஒரு தாயின் மீது வண்டி மோதுகிறது. அவருக்குக் கால் முறிகிறது. ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாது. வண்டிக்குக் காப்புறுதி இருக்கிறது. கட்டணமும் தவறாமல் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் கம்பனியோ, "அனுமதிப்பத்திரம் உள்ளவர் ஓட்டினால்தான் ஒப்பந்தம் செல்லும்" என்று கைவிரிக்கிறது.

இப்போது இரண்டு வீடுகள் விழுந்துவிட்டன. ஒரு வீட்டில் உழைக்கும் தாய் படுக்கையில். மறு வீட்டில் லீசிங் தவணை, வழக்கு, தண்டப்பணம், நட்டஈடு. பணம் கட்டியும் ஏன் காப்பு இல்லாமற் போனது?

காப்புறுதி என்பது என்ன?

எமது தோட்டங்களிலும் கிராமங்களிலும் மரண உதவிச் சங்கம் உண்டு. ஒவ்வொரு வீடும் மாதாமாதம் சிறிய தொகை கட்டுகிறது. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் எல்லோருடைய காசும் சேர்ந்து அந்த வீட்டைத் தாங்குகிறது. வாகனக் காப்புறுதியும் அடிப்படையில் இதுவே. பலர் சிறிது கட்ட, விபத்தில் சிக்கியவரின் பெரிய நட்டத்தை அந்தப் பொதுப் பணம் ஏற்கிறது.

சங்கத்தில் இரண்டு விதிகள் எமக்குத் தெரியும். சந்தா தவறினால் உதவி இல்லை. பெயர் பதியாத ஆளுக்கும் உதவி இல்லை. காப்புறுதியிலும் அப்படித்தான். கட்டணம் கட்டுவது முதல் விதி. ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆள் ஓட்டுவது இரண்டாவது விதி. முதலாவதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம், இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

இரண்டு வகைகள்

1. மூன்றாம் தரப்புக் காப்புறுதி. எமது வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் இது பொறுப்பு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி இது இல்லாமல் எந்த வண்டியும் வீதியில் ஓடக்கூடாது. எமது வண்டியின் சேதத்துக்கோ, ஓட்டிய எமது பிள்ளையின் காயத்துக்கோ இது பணம் தராது.

2. முழுமையான காப்புறுதி. மேற்கூறியவற்றோடு எமது வண்டியின் சேதத்தையும் சேர்த்துக் காக்கும். லீசிங் கம்பனிகள் வழக்கமாக இதையே கேட்கின்றன. கட்டணம் கூடுதல். சேதத்தில் முதல் ஒரு தொகையை நாமே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். ஓட்டுபவர் இளவயதினர் அல்லது புதிதாக அனுமதிப்பத்திரம் பெற்றவர் என்றால் அத்தொகை கூடவும் கூடும். கையொப்பமிடுமுன் கேட்டறிய வேண்டும்.

பத்திரம் இருந்தும் காப்பு இல்லாமற் போவது எப்போது?

முதலாவது, அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டும்போது. எமது நாட்டில் பதினெட்டு வயதுக்குமுன் சாரதி அனுமதிப்பத்திரம் கிடையாது. மோட்டார் சைக்கிளுக்கு எடுத்த பத்திரம் முச்சக்கர வண்டிக்குச் செல்லாது. அந்த வகையும் பத்திரத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, சொன்ன தேவை ஒன்று, செய்யும் தொழில் வேறு. சொந்தப் பாவனை என்று பதிந்துவிட்டு வாடகைக்கு ஆள் ஏற்றினால் கம்பனி மறுக்க இடமுண்டு. கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஆட்களை ஏற்றிச் செல்வதும் இப்படியானதே. அப்பெட்டி சாமான் ஏற்றுவதற்கென்றே காப்புறுதி செய்யப்பட்டிருக்கும்.

மூன்றாவது, வண்டியை 'ஓப்பன் பேப்பரில்' வாங்கி, உரிமையை எமது பெயருக்கு மாற்றாமல் ஓட்டுவது. காப்புறுதி பழைய சொந்தக்காரர் பெயரில் கிடக்கும். விபத்து நடந்தால் அவரும் சிக்குவார், நாமும் சிக்குவோம்.

நான்காவது, மதுபோதையில் ஓட்டுவது. இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

பெற்றோரின் பொறுப்பு

"ஓட்டியவன் பையன், எனக்கென்ன?" என்று சட்டத்தின் முன் சொல்ல முடியாது. அனுமதிப்பத்திரம் இல்லாதவருக்கு வண்டியை ஓட்டக் கொடுப்பதும் தனிக் குற்றமாகும். அனுமதிப்பத்திரமின்றி ஓட்டுதல், காப்புறுதியின்றி ஓட்டுதல் போன்ற குற்றங்களுக்குக் குறைந்தது 25,000 ரூபா தண்டம் விதிக்க வேண்டுமென்று 2017ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டபோது, தனியார் பஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தது பலருக்கு நினைவிருக்கும். பின்னர் 2019ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்தில் இத்தண்டங்கள் உயர்த்தப்பட்டன.

அயல்நாடான இந்தியா இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. அங்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபா தண்டமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு இரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை அனுமதிப்பத்திரம் கிடையாது.

பிரித்தானியாவில் இளம் சாரதிகளுக்குக் காப்புறுதிக் கட்டணம் மிக அதிகம். ஆகவே சில பெற்றோர், பிள்ளை அன்றாடம் ஓட்டும் காரைத் தாமே ஓட்டுவதாகச் சொல்லிக் குறைந்த கட்டணம் கட்டுகிறார்கள். விபத்து வந்ததும் உண்மை வெளிப்பட்டு, கம்பனி பணம் தர மறுக்கிறது. கட்டணத்தில் மிச்சம் பிடித்தது ஒரே நாளில் போய்விடுகிறது.

ஏன் இளவயதினர்?

பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஐந்து முதல் இருபத்தொன்பது வயது வரையானவர்களின் மரணத்துக்கு உலகிலேயே முதற் காரணம் வீதி விபத்து என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இளைஞருக்குக் கை வேகம் உண்டு. ஆனால் பள்ளத்தில் நீண்ட தூரம் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைப்பதும், பனியில் வளைவுக்கு முன்பே வேகம் தணிப்பதும், சுமையுள்ள வண்டி திரும்பும் விதத்தை அறிவதும் அனுபவத்தால் வருபவை.

எமது வீதிகளோ மன்னிக்கும் வீதிகள் அல்ல. 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில், வீதியின் ஒரு பகுதியை அடைத்துக் கிடந்த பாறைக்கு அருகில் தனியார் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பதினான்குக்குக் குறையாத உயிர்கள் போயின. மண் சரிந்து ஒடுங்கிய வீதி எமது பகுதியில் இன்றும் உண்டு.

"அவசரத்துக்கு என்ன செய்வது?"

இது நியாயமான கேள்வி. நள்ளிரவில் பிரசவ வலி வந்தால் லயத்தில் யார் இருக்கிறாரோ அவரே வண்டியை எடுப்பார். அதனால்தான் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் இலவசமாக வரும். இலக்கத்தைக் கதவில் எழுதி வையுங்கள். அம்புலன்ஸ் மேலே வரை வர முடியாத இடமென்றால், அனுமதிப்பத்திரமுள்ள இரண்டு மூன்று பேரின் தொலைபேசி இலக்கங்களை லயத்துக்கு லயம் சேர்த்து வையுங்கள்.

அடிபட்டவர் எமது ஆளானால்

நாம் வண்டி ஓட்டுபவர்கள் மட்டுமல்ல. பெரும்பாலும் வீதியோரம் நடப்பவர்கள். ஆகவே மறுபக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

வண்டியின் இலக்கத்தையும், முன்கண்ணாடியில் உள்ள வருமான அனுமதிப்பத்திரத்தின் விபரங்களையும், காப்புறுதிக் கம்பனியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பொலிசில் முறைப்பாடு பதிந்து அதன் இலக்கத்தைப் பெறுங்கள். வைத்தியசாலை டிக்கட்டுகள், மருந்து வாங்கிய பற்றுச்சீட்டுகள், வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கு ஆகியவற்றை ஒரு பையில் சேர்த்து வையுங்கள்.

"பத்தாயிரம் தருகிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்று வருவார்கள். வாசித்து விளங்காமல் கையொப்பமிட வேண்டாம். நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடங்களுக்குள் தொடர வேண்டும். வழக்குப் பற்றிக் காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் பதுளை நிலையத்தை நாடலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. காப்புறுதி அட்டையை எடுத்து, யார் ஓட்டலாம், எதற்குப் பாவிக்கலாம், எத்திகதி வரை என்ற மூன்றையும் வாசியுங்கள். விளங்காவிட்டால் கம்பனியில் தமிழில் விளக்கம் கேளுங்கள்.

2. பதினெட்டு நெருங்கும் பிள்ளைக்கு அனுமதிப்பத்திரம் எடுக்க இப்போதே ஆயத்தம் செய்யுங்கள். தேசிய அடையாள அட்டையும் மருத்துவச் சான்றிதழும் வேண்டும். எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். மண்சரிவில் பிறப்புச் சான்றிதழை இழந்தவர்கள் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பல இளைஞர்கள் ஓட்டத் தெரிந்தும் பத்திரமில்லாமல் நிற்பது இந்தக் காகிதங்கள் இல்லாததாலேயே.

3. லீசிங் எடுக்குமுன், மாதத் தவணையோடு காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, டயர் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். காப்புறுதியை விட்டால்தான் தவணை கட்டலாம் என்றால் அந்த வண்டி எமக்குக் கட்டுப்படியாகாது.

4. பத்திரங்கள் எல்லாவற்றினதும் பிரதியொன்றை உறவினர் வீட்டிலும் வையுங்கள்.

5. சாவி தொங்கும் ஆணியைப் பெற்றோரின் கைப்பார்வையில் வையுங்கள்.

கதையில் வந்த தகப்பனாருக்கு ஒரு நாள் மரக்கறி பெரிதாகத் தெரிந்தது. அன்று அயல்வீட்டாரிடம் மூட்டையை ஏற்றிவிட்டிருந்தால், அல்லது அது வாடட்டும் என்று விட்டிருந்தால், நட்டம் ஒரு சந்தையோடு போயிருக்கும். ஏற்கனவே ஒருமுறை எல்லாவற்றையும் இழந்து எழுந்த குடும்பங்கள் நாம். இன்னொரு முறை விழாதிருக்க, பிள்ளை கை நீட்டும்போது "பத்திரம் வரட்டும் தம்பி" என்று சொல்லும் துணிவு எமக்கு வேண்டும்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. எமது லயத்தில் அல்லது குடியிருப்பில் அனுமதிப்பத்திரமின்றி ஓட்டும் இளைஞர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குத் தடையாக இருப்பது எது?

2. சந்தைக்குப் பொருள் கொண்டு போக, அனுமதிப்பத்திரமுள்ள ஒருவரின் வண்டியைப் பல குடும்பங்கள் சேர்ந்து ஒழுங்கு செய்ய முடியுமா?

3. கதையில் வந்த இரண்டு வீடுகளில், கால் முறிந்த தாயின் வீட்டுக்கு இப்போது யார் பொறுப்பு?