கொதிக்கும் என்ஜினும் கோடை வெயிலும்: பழைய கார்கள் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

செட்டிநாட்டின் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பகுதிகளில் பழைய கார்களைப் பராமரிப்போரிடையே என்ஜின் சூடேறுவதைப் பற்றிப் பல நம்பிக்கைகள் கைமாறி வந்திருக்கின்றன. அவற்றுள் சில பாதி உண்மையானவை, சில முழுத் தவறானவை, ஒன்றிரண்டு என்ஜினையே பாழாக்கக்கூடியவை. இங்கு ஆராயப்படுபவை முக்கியமாக இரண்டு வண்டிகள். ஒன்று, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 2014 வரை தயாரித்த அம்பாசடர். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழிவந்த இவ்வண்டியில் நெடுங்காலம் இருந்தது 1,489 சி.சி. கொள்ளளவுள்ள வார்ப்பிரும்பு என்ஜின். மற்றொன்று, அதே நிறுவனம் 1984இல் அறிமுகப்படுத்திய கன்டெஸா. 1964ஆம் ஆண்டின் போன்டியாக் ஜிடிஓ போல, நடுத்தர உடலில் பெரிய எட்டு சிலிண்டர் என்ஜினைப் பொருத்திய அமெரிக்கக் கார்களை ‘மஸில் கார்’ என்பர். நீண்ட முகப்பைக் கொண்ட கன்டெஸாவை இந்திய ஆர்வலர்கள் அப்பெயரால் அழைப்பது பெரும்பாலும் தோற்றம் கருதித்தான். தொடக்கத்தில் அதற்குள் இருந்ததும் அம்பாசடரின் அதே 1,489 சி.சி. என்ஜினே, 1.8 லிட்டர் இசுஸு என்ஜின் பிறகே வந்தது.

நம்பிக்கை: சித்திரை வெயிலில் பழைய வண்டி கொதிக்கத்தான் செய்யும்.

பெட்ரோல் எரிவதால் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேற, மீதமுள்ள பங்கை என்ஜினைச் சுற்றி ஓடும் நீர் சுமந்து சென்று ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது. ரேடியேட்டரால் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற முடியும் என்பது நீருக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. நீர் 90 டிகிரியிலும் காற்று 30 டிகிரியிலும் இருந்தால் வேறுபாடு 60. காற்று 40 டிகிரியானால் வேறுபாடு 50. அதாவது, கடுங்கோடை ரேடியேட்டரின் திறனில் சுமார் ஆறில் ஒரு பங்கைத்தான் குறைக்கிறது. நல்ல நிலையிலுள்ள குளிர்விப்பு அமைப்பில் இதைத் தாங்கும் இடம் இருந்தாக வேண்டும். அந்த இடத்தை உப்புப் படிவும், தளர்ந்த பெல்ட்டும், பொறி விழும் நேரமான டைமிங்கில் உள்ள தவறும் ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தால்தான் சித்திரையில் வண்டி கொதிக்கிறது. வெயில் குறையை உண்டாக்குவதில்லை, இருந்த குறையை வெளியே கொண்டுவருகிறது.

ஆகவே பழுது பார்ப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வண்டி எப்போது சூடேறுகிறது என்பதே. பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் வழக்கம் இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான் வளர்ந்தது. செக்காலை ரோட்டின் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது மட்டும் வெப்பநிலை முள் ஏறி, திருச்சி–இராமேசுவரம் நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் இறங்கிவிட்டால், குறை காற்றோட்டத்தில் இருக்கிறது: ஊர்ந்து செல்லும்போது ரேடியேட்டருக்குக் காற்றைத் தருவது விசிறி மட்டுமே என்பதால், பெல்ட் தளர்ந்திருக்கலாம், விசிறியைச் சுற்றியுள்ள தகட்டு உறை கழற்றி எறியப்பட்டிருக்கலாம், அல்லது ரேடியேட்டரின் செதில்களுக்கிடையே புழுதியும் பூச்சியும் அடைந்திருக்கலாம். நெரிசலில் அமைதியாக இருந்து, மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டியதும் சூடேறினால், காற்றுக்குக் குறைவில்லை, நீரோட்டத்தில்தான் தடை. ரேடியேட்டர் குழல்கள் உள்ளே அடைத்திருக்கலாம், பட்டறைகளில் ‘வாட்டர் பாடி’ எனப்படும் நீரேற்றியின் இறக்கைகள் அரிக்கப்பட்டிருக்கலாம், அல்லது உள்ளே சுருள்கம்பி இல்லாத மலிவான கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சலில் தட்டையாக ஒட்டிக்கொள்ளலாம். இந்தக் கடைசிக் குறை, வண்டியை நிறுத்திப் பானட்டைத் திறந்ததும் ஹோஸ் பழைய வடிவுக்கு வந்துவிடுவதால், கண்ணில் படுவதே இல்லை. என்ஜின் சூடாக இருக்கையில் ஒருவர் ஆக்ஸிலரேட்டரை முடுக்க, மற்றொருவர் கையை விசிறிக்கு எட்டத்தில் வைத்துக்கொண்டு கீழ் ஹோஸைக் கூர்ந்து பார்த்தால்தான் பிடிபடும். எல்லா வேகத்திலும் சூடேறி, தண்ணீரும் அடிக்கடி குறைந்தால் கசிவையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும்.

முள்ளை நம்புவதற்கு முன் அதையும் சோதிப்பது நலம். பிரிட்டிஷ் மரபில் வந்த பல கார்களில் பெட்ரோல் முள்ளும் வெப்பநிலை முள்ளும் ஒரே மின்னழுத்தச் சீராக்கியிலிருந்து மின்சாரம் பெறுகின்றன. அது பழுதானால் இரண்டும் சேர்ந்தே உயரக் காட்டும். நிரப்பிய அளவுக்கு மேல் டாங்கில் பெட்ரோல் இருப்பதாகவும் என்ஜின் கொதிப்பதாகவும் ஒரே நேரத்தில் மீட்டர்கள் சொன்னால், ரேடியேட்டரைக் கழற்றத் தேவையில்லை.

நம்பிக்கை: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் வண்டி குளிர்ச்சியாக ஓடும்.

தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த சிறு உருளையால் இயங்கும் வால்வு. நீர் குறிப்பிட்ட வெப்பநிலையை, பெரும்பாலும் 82 டிகிரியை, எட்டும்போது மெழுகு உருகி விரிந்து, ரேடியேட்டருக்குச் செல்லும் வழியைத் திறக்கிறது. ‘இது குளிர்நாட்டுக்காரனுக்கு, நமக்கெதற்கு’ என்று இதைக் கழற்றி எறிவது தமிழ்நாட்டில் மிகப் பரவலான வழக்கம். மூடியபடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதும் கொதிப்பு நின்ற அனுபவத்திலிருந்தே இந்த நம்பிக்கை பிறந்தது. ஆனால் அங்கே தேவைப்பட்டது புதிய தெர்மோஸ்டாட். அது இல்லாத என்ஜின் காலையில் வெகுநேரம் உரிய சூட்டை எட்டாமலே ஓடுவதால், எரியாத பெட்ரோலும் ஈரமும் எண்ணெயில் கலந்து சேறாகின்றன, சிலிண்டர் சுவர்கள் விரைவில் தேய்கின்றன, பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகிறது. மேலும், சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டே பக்கவழியை அடைக்கும் வேலையையும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே என்ஜினுக்குத் திரும்பி, வண்டி முன்னைவிட அதிகமாகச் சூடேறும்.

இந்த நம்பிக்கையை மறுப்பவர்களிடையே இன்னொரு தவறு நிலவுவதையும் இங்கே சுட்ட வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் நீர் மிக வேகமாக ஓடுவதால் ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைப்பதில்லை என்று அவர்கள் விளக்குவர். நீர் சுற்றிச்சுற்றி வரும் மூடிய அமைப்பில் இது பொருந்தாது. ரேடியேட்டரில் குறைந்த நேரம் தங்கும் நீர் அதே அளவு விரைவில் மீண்டும் அங்கே வருகிறது, வேகமான ஓட்டம் உலோகத்திலிருந்து வெப்பத்தை இன்னும் நன்றாகவே எடுக்கிறது. முழுதும் திறந்த நிலையிலும் தெர்மோஸ்டாட் தரும் சிறு தடை, பம்ப் நீரைத் தள்ளும்போது பிளாக்கினுள் அழுத்தத்தைச் சற்று உயர்த்தி, எரிபகுதியை ஒட்டிய இடங்களில் நீராவிக் குமிழிகள் உருவாவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதே சரியான விளக்கம்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கப் பட்டறை தேவையில்லை. அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் படாதவாறு அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் வைத்தால், அதன்மேல் பொறித்த எண்ணை நெருங்கும்போது வால்வு விலகத் தொடங்குவது கண்ணுக்குத் தெரியும். கொதிநிலையிலும் விலகாவிட்டால் அது பழுது.

நம்பிக்கை: எந்தத் தண்ணீராயினும் ரேடியேட்டருக்கு ஒன்றுதான்.

செட்டிநாட்டில் பழைய என்ஜின்களுக்கு மிகப்பெரிய கேடு விளைவித்திருப்பது இந்த நம்பிக்கை. உப்பு மிகுந்த கடின நீரைச் சூடாக்கும்போது அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து கார்பனேட்டாகப் பிரிந்து, மிகச் சூடான பரப்பில், அதாவது சிலிண்டரைச் சுற்றிய சுவரில், முதலில் படிகிறது. இப்படிவு வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இருபது மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்துவதால், மெல்லிய படலமே போர்வையாகி, நீர் குளிர்ச்சியாக இருக்கும்போதே உலோகம் சூடேறுகிறது. ஒவ்வொரு முறை ரேடியேட்டரில் நீர் குறையும்போதும் ஆழ்துளைக் கிணற்றின் கடினமான போர் தண்ணீரை ஊற்றினால், ஒவ்வொரு முறையும் புதிய உப்பு சேர்கிறது. ரேடியேட்டரைக் கழற்றிக் குழல்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்த பிறகும் வண்டி கொதிப்பதற்கு, பிளாக்கின் அடியில் பல ஆண்டுகளாகத் தேங்கிய துருச்சேறு அப்படியே இருப்பதே பெரும்பாலும் காரணம். அம்பாசடரின் பிளாக்கில் பக்கவாட்டில் உள்ள வடிகுழாயைத் திறந்தும் நீர் வராவிட்டால், உள்ளே சேறு அடைத்திருக்கிறது என்று பொருள்.

இதற்கான மருந்தில் ஒரு பாதி செட்டிநாட்டு வீட்டிலேயே இருக்கிறது. ஓட்டுக் கூரைகளிலிருந்து முற்றத்தில் இறங்கும் மழைநீரைப் பிடித்து வைக்கும் வழக்கமுள்ள இப்பகுதியில், முதல் மழையைக் கழியவிட்டுச் சேமித்த நீர் உப்பற்றது, ஆகவே படிவு தராது. ஆனால் உப்பின்மை மட்டும் போதாது. ஆக்ஸிஜன் கலந்த மென்னீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். குளிர்விப்பு அமைப்பில் இரும்பு, செம்பு, பித்தளை, ஈயப்பற்று, அலுமினியம் ஆகியவை ஒரே நீரில் நனைந்திருக்கின்றன; வெவ்வேறு உலோகங்கள் ஒரு மின்பகு நீரில் இணையும்போது அங்கே ஒரு மின்கலமே உருவாகி, எளிதில் வினைபுரியும் உலோகம் அரிக்கப்படுகிறது. இவ்வகை அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. அரிமான அறிவியலுக்கு நாட்டின் முகவரியாக விளங்கும் ஊரிலேயே நல்ல ரேடியேட்டர்கள் போர் தண்ணீரால் அரிக்கப்பட்டு வீணாவது வருந்தத்தக்கது.

மருந்தின் மறுபாதி கூலண்ட். அது பனி உறையும் நாடுகளுக்கானது என்பது பாதி உண்மையே. கூலண்டிலுள்ள எத்திலீன் கிளைகால் நீர் உறைவதைத் தடுப்பதோடு கொதிநிலையையும் சற்று உயர்த்துகிறது; அதைவிட முக்கியமாக, அதில் கலந்துள்ள அரிமானத் தடுப்பான்கள் உலோகங்களின்மேல் காப்புப் படலம் அமைக்கின்றன. அதிகம் ஊற்றினால் அதிகக் குளிர்ச்சி என்பதோ முழுத் தவறு: வெப்பத்தைச் சுமக்கும் திறன் கிளைகாலுக்கு நீரைவிடக் குறைவு, ஆகவே பாதிக்கு மேல் கூலண்ட் கலப்பது எதிர் விளைவையே தரும். காய்ச்சி வடித்த நீரோ வடிகட்டிய மழைநீரோ பாதி, கூலண்ட் பாதி என்பதே மேல் வரம்பு.

நம்பிக்கை: மஞ்சள் தூள் போட்டால் ரேடியேட்டர் ஒழுகல் நிற்கும்.

நிற்கும், சில நாட்களுக்கு. ஓட்டையை அடைக்கும் அதே தூள் குறுகிய குழல்களிலும் தங்கிவிடுகிறது. ஊர் போய்ச் சேர்வதற்கு இதைச் செய்தவர், சேர்ந்ததும் ரேடியேட்டரைக் கழற்றிப் பற்றவைத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

நம்பிக்கை: கனமான மூடி போட்டால் கொதிக்காது.

ரேடியேட்டர் மூடி பிரஷர் குக்கரின் வெயிட் போலவே வேலை செய்கிறது: சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியின்கீழ் தண்ணீர் சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் நல்ல என்ஜினும் 100 டிகிரியிலேயே நீரைக் கக்கும். எனவே கெட்ட மூடியை மாற்றுவது சரி. நிறுவனம் சொன்னதைவிடக் கூடுதல் அழுத்த மூடி போடுவதால் கொதிப்பது தள்ளிப்போகும், என்ஜினின் சூடு இம்மியும் குறையாது, பற்றவைத்த பழைய ரேடியேட்டர் மூட்டு பிளக்கும்.

நம்பிக்கை: டைமிங்குக்கும் சூட்டுக்கும் தொடர்பில்லை.

பொறி தாமதமாக விழுந்தால் பெட்ரோல் தாமதமாக எரிந்து, வேலையாக மாற வேண்டிய வெப்பம் புகை வெளியேறும் வழியைச் சூழ்ந்த நீருக்குள் இறங்குகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்திலுள்ள வெற்றிடக் குடுவையின் சவ்வு கிழிந்திருந்தாலும் விளைவு இதுவே. அதன் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைக்கும்போது பிடிப்பு நிற்காவிட்டால் சவ்வு போய்விட்டது. ரேடியேட்டர், பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாம் மாற்றியும் தீராத பல கொதிப்புகளின் மூலம் இங்கேதான் இருக்கிறது.

நம்பிக்கை: வெயிலில் நின்றுபோன வண்டி என்ஜின் கொதித்ததால்தான் நின்றது.

நண்பகலில் நின்று, மாலையில் தானே கிளம்பும் வண்டியில் பெரும்பாலும் கொதித்தது தண்ணீர் அல்ல, பெட்ரோல். பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் அந்த ஆவியைத்தான் அழுத்துகிறது, திரவம் நகர்வதில்லை. பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி போடும் அம்பாசடர் ஓட்டுநரின் பழைய கைவைத்தியம் அறிவியல்படி முற்றிலும் சரியானது. பெட்ரோல் குழாயைப் புகைக்குழாயிலிருந்து விலக்கிக் கட்டினால் பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது.

நம்பிக்கை: கொதிக்கும் வண்டிக்கு உடனே பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலிருக்கும் நீர், மூடி திறந்த கணமே ஆவியாகிச் சீறுவதால் முகமும் கையும் வெந்துபோகும். காய்ந்த வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் ஹெட் விரிசல்விடலாம். வண்டியை நிழலில் நிறுத்தி, மேல் ஹோஸை விரலால் தொடுமளவு ஆறவிட்டு, மூடியின்மேல் கெட்டித் துணி போட்டு முதல் பிடிவரை மட்டும் திருகி அழுத்தத்தை வெளியேற்றி, பின்னரே என்ஜினை ஓடவிட்டு நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அப்போது ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வந்தாலோ, எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் போன்ற கலவை படிந்திருந்தாலோ, பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்; அதன்பின் வண்டியைக் கயிறு கட்டித்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். வடிக்கும் கூலண்டைத் தெருவில் விடாமல் மூடியுள்ள கலத்தில் பிடிக்க வேண்டும், ஏனெனில் கிளைகால் இனிப்பானது, நாயும் ஆடும் நக்கிக் குடித்தால் சிறுநீரகம் கெட்டு இறந்துபோகும்.