பாம்பு பார்க்கத் தேதி எதற்கு?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துத் தெற்குக் கோடியில், ஷானி தேசியக் காட்டுக்குள், லரூ சாலை என்றொரு சரளைக்கல் பாதை. நீளம் நான்கு கிலோமீட்டர். மேற்கே சதுப்பு, கிழக்கே செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. கோடை முழுக்கச் சதுப்பில் கிடந்த பாம்புகள் குளிர்காலத்துக்குப் பாறை இடுக்குகளில் ஒண்டிக்கொள்ள வேண்டும். நடுவில் இந்தச் சாலை. வண்டிகளில் அடிபட்டுச் சாகாமலிருக்க 1972 முதலே சாலையை மூடிவிடுகிறார்கள்: இலையுதிர்காலத்தில் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 30 வரை, வசந்தத்தில் இன்னொரு இரண்டு மாதம். நடந்து போகலாம். "பாம்பைப் பார்க்கவா பெட்ரோல் போட்டுக்கிட்டுப் போறே?" என்று அம்மா போனில் கேட்பார். ஆமாம், அதற்குத்தான்.

புதிதாகப் போகிறவர்கள் கேட்பது, எந்தத் தேதி நல்லது என்று. என்னைக் கேட்டால் தேதிக்கு அங்கே மதிப்பே இல்லை. அக்டோபரில் ஒருநாள் வியர்க்கும், மறுநாள் விடியலில் புல்லெல்லாம் உறைபனி. நான் பார்ப்பது முந்தைய இரவுகளை. இரண்டு மூன்று இரவுகள் நன்றாகக் குளிர்ந்து, அதன்பின் வெயிலோடு 20 டிகிரியைத் தாண்டும் முதல் பகல் வருகிறதே, அன்றைக்கு லீவு போட்டாவது போய்விடுவேன். இரவும் வெதுவெதுப்பாகவே இருந்தால் பாம்புக்கு என்ன அவசரம்? சதுப்பிலேயே கிடக்கும். லேசான தூறலுக்குப் பயப்பட வேண்டாம். காரியத்தைக் கெடுப்பது குளிர்காற்றுதான்.

அதிகாலையில் எழுந்து ஓடுவதும் வீண். பாறை மேற்குப் பார்த்தது, காலையில் நிழலில்தான் இருக்கும். குளிர்ந்த இரவுக்கு மறுநாள் பதினொரு மணிக்குப் போனால் போதும். பிற்பகல் வெயில் பாறையில் ஏறும்போது ஒவ்வொன்றாக வெளியே வந்து காயும். புழுக்கமான நாளென்றால் தலைகீழ், காலையும் மாலையும்தான். திடீரென்று மேகம் மூடினால் பலரும் திரும்பிவிடுகிறார்கள். பாம்பு அப்படியொன்றும் தூரம் போவதில்லை. இடுக்கின் வாயிலேயே சுருண்டிருக்கும். பாறையடியை பைனாகுலரில் துழாவுங்கள்.

உதிர்ந்த சருகில் காப்பர்ஹெட் என்ற பாம்பு கிடந்தால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நான் பத்தடி நடந்து நின்று பார்ப்பேன், மறுபடி பத்தடி. கீழேயே பார்த்துக்கொண்டும் இருக்கக் கூடாது. தாழ்ந்த கிளைகளில் பச்சைப் பாம்பு இருக்கும். இலை பழுத்து மஞ்சளாகும்போது அது எளிதில் மாட்டும்.

அங்கே அதிகம் கண்ணில் படுவது காட்டன்மவுத், நம் மூங்கில் விரியனைப் போலக் குழிவிரியன் இனம். மற்றவை ஓட, இது பெரும்பாலும் நின்ற இடத்திலேயே வெள்ளை வாயைப் பிளந்து காட்டும். துரத்தப் போகிறது என்று அர்த்தமில்லை; நாம்தான் விலக வேண்டும். கோடைக் கடைசியில் பிறந்த குட்டிகளுக்கு வால் நுனி மஞ்சளாக, அழகாக இருக்கும். அவற்றுக்கும் விஷம் உண்டு. மரக்கட்டையைத் தாண்டுமுன் மறுபக்கம் பாருங்கள், பாறை இடுக்கில் கை வைக்காதீர்கள். தொடுவதும் பிடிப்பதும் சட்டப்படியே குற்றம்.

சாலை திறந்தபின் நவம்பரிலும் சில நாள் இதமாக வெயிலடிக்கும். பிந்திக் கிளம்பிய பாம்புகள் அன்றைக்கும் கடக்கும். வண்டியை வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.