பெர்னீனி வரைந்த இரத்தக் கடல்

கல்வாரி மலை இல்லை, படைவீரர் இல்லை, நல்ல கள்ளனும் இல்லை. திருச்சிலுவை ஆகாயத்திலே தொங்குகின்றது. ஆண்டவரின் காயங்களிலிருந்து வடியும் திரு இரத்தம் கீழே கரைகாணாத கடலாய் விரிகின்றது. தேவதாய் முழந்தாளிட்டு அவ்விரத்தத்தைத் தம் கைகளில் ஏந்தி, மேலே கரம் விரித்திருக்கும் பிதாவுக்கு ஒப்புக்கொடுக்கின்றார்.

1670ஆம் ஆண்டளவில் இச்சித்திரத்தை வரைந்தவர் ஜியான் லொறென்சோ பெர்னீனி. உரோமையில் புனித இராயப்பர் பேராலய முற்றத்தைத் தழுவி நிற்கும் தூண் வரிசைகளை அமைத்தவரும் இவரே. அப்போது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது.

அன்றைய உரோமை மரணத்தை மறைத்து வைக்கவில்லை. 1656இல் கொள்ளைநோய் நகருக்குள் புகுந்தது. அக்காலப் பாப்பரசர் ஏழாம் அலெக்சாந்தர் தம் சவப்பெட்டியையே அறையில் வைத்திருந்தார். இயேசு சபையின் ஆலயத்தில் 1648இல் நல்மரணப் பக்திச்சபை தொடங்கிற்று. பெர்னீனி பல ஆண்டுகளாக வெள்ளிதோறும் அங்கே சென்று வந்தார். நல்மரணத்துக்காகப் புனித சூசையப்பரை மன்றாடும் நம் குடும்பங்களுக்கு இது புரியாத பக்தியன்று.

ஆயினும் அவரைப் புனிதராக எண்ணிவிடலாகாது. 1638இல், பொறாமையினால் வேலையாளை ஏவி, கொஸ்தான்சா என்ற பெண்ணின் முகத்தைக் கத்தியாற் கீறச் செய்தார். வேலையாள் நாடுகடத்தப்பட்டான். காயப்பட்ட பெண்ணையும் அடைத்து வைத்தார்கள். பெர்னீனிக்கோ பாப்பரசர் எட்டாம் உர்பான் மன்னிப்பு அளித்தார். பெரிய இடத்துத் தயவு எதுவெல்லாம் செய்யும் என்பது நமக்கும் தெரிந்ததே.

சித்திரத்தின் கருத்து, 1669இல் புனிதர் பட்டம் பெற்ற கார்மேல் கன்னிகை மரிய மதலேனா தே பாசியின் தியானங்களோடு ஒட்டியது. பாவிகளுக்காகத் திரு இரத்தத்தை ஓயாது ஒப்புக்கொடுத்தவர் அவர். பெர்னீனியின் சகோதரி மகனான மார்க்கேசி என்னும் குருவானவர் எழுதிய நூலுக்காக, பிரான்சுவா ஸ்பியேர் இப்படத்தைச் செப்புத் தகட்டிற் செதுக்கி அச்சிட்டார். பெரிய ஓவியம் ஒரு சுவரோடு நின்றுவிடும். அச்சுப்படமோ ஏழை வீட்டுக்கும் போகும். நூலின் பெயர் 'பாவியின் ஒரே நம்பிக்கை'.

1680 நவம்பரில் பெர்னீனி நோயாய் விழுந்தபோது, இதே காட்சி அவர் கட்டிலுக்கு எதிரே இருந்தது. வலக்கை செயலிழந்தது. வாழ்நாளெல்லாம் உழைத்த கை சாவுக்கு முன் சற்று இளைப்பாறுவது நியாயந்தானே என்றாராம். சுவீடன் அரசியாயிருந்த கிறிஸ்தீனாவிடம் தமக்காக மன்றாடும்படி சொல்லியனுப்பினார். 28ஆம் திகதி உயிர் பிரிந்தது. எண்பத்திரண்டாம் பிறந்த நாளுக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன.