மடத்துக்குளத்தில் சாக்கு உருளைக்கிழங்கு

நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் விளையும் உருளைக்கிழங்கை அமராவதிப் பாசனப் பகுதியிலும் பயிரிட்டால் என்ன என்று மடத்துக்குளம் வட்டார விவசாயிகள் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆனால், 60 x 20 செ.மீ. இடைவெளியில் ஓர் ஏக்கர் நடுவதற்கு ஒரு டன்னுக்கும் மேல் விதைக் கிழங்கு வேண்டும். நம் மண்ணில் கிழங்கு பிடிக்குமா என்று தெரியாமல் இவ்வளவு முதலை மண்ணில் போடலாகாது. பத்துச் சாக்குகளுக்கு ஒரு கிலோ விதைக் கிழங்கே போதும். வீட்டுக்கும் காயாகும்; வயலில் இறங்கலாமா, கூடாதா என்பதற்கும் விடை கிடைக்கும்.

இரவுக் குளிரே முக்கியம்

உருளைக்கிழங்கு வேர் அன்று. மண்ணுக்குள் பக்கவாட்டில் ஓடும் தண்டின் நுனி பருத்து உண்டாவது. பகலில் இலை தயாரிக்கும் மாவுப்பொருள், இரவு குளிர்ந்திருந்தால் கிழங்கில் சேரும். இரவு வெப்பம் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியசுக்கு மேல் நீடித்தால், அம்மாவுப்பொருளைச் செடி தன் சுவாசத்திற்கும் தழை வளர்ச்சிக்கும் செலவிட்டுவிடும். கோடையில் நட்ட செடி இடுப்பளவு வளர்ந்தும் அடியில் கோலிக்குண்டு அளவுக் கிழங்கே இருப்பது இதனால்தான்.

நமக்கு அந்தக் குளிர் மார்கழியிலும் தை முற்பகுதியிலும் மட்டுமே உண்டு. நட்ட 30 முதல் 45 நாட்களில் கிழங்கு பிடிக்கத் தொடங்கும். எனவே, ஐப்பசிப் பிற்பகுதியில், அதாவது நவம்பர் முதல் வாரத்தையொட்டி நடுதல் வேண்டும். தையில் நட்டால் கிழங்கு பருக்கும் காலம் மாசி, பங்குனி வெயிலில் சிக்கும்.

விதைக் கிழங்கு

மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 2006-ல் வெளியிட்ட ‘குப்ரி சூர்யா’ ஓரளவு வெப்பம் தாங்கும் இரகம். விதை கிடைக்குமிடத்தை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரியுங்கள். சந்தைக் கிழங்கை நடாதீர்கள். முளைக்காதிருக்க மருந்திட்டதாக அது இருக்கலாம். நோயையும் உடன் கொண்டு வரலாம். நீலகிரியில் 1961-ல் கண்டறியப்பட்ட முட்டைக்கூடு நூற்புழு, கிழங்கில் ஒட்டிய மண்ணோடு பரவுவது. அதன் முட்டைக்கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிருடன் கிடக்கும்.

40 முதல் 50 கிராம் எடையுள்ள முழுக் கிழங்கே நல்லது. வெட்டி நட்டால் வெதுவெதுப்பான ஈர மண்ணில் அழுகும். நடுவதற்கு முன் நேர் வெயில் படாத, வெளிச்சமுள்ள இடத்தில் பரப்பி வைத்தால் குட்டையான, உறுதியான முளைகள் வரும்.

சாக்கும் மண் கலவையும்

கழுவிய சிமெண்டுச் சாக்கு போதும். அடியில் எட்டு, பத்து துளைகள் இடவும். கறுப்பு வாளி வெயிலில் சூடேறுமாதலால் வேண்டாம். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, நன்கு மக்கிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு கலக்கவும். வயல் களிமண்ணை மட்டும் நிரப்பினால் இறுகிவிடும். தக்காளி, கத்தரி நின்ற மண்ணை எடுக்காதீர்கள். அவை இதன் இனமே, வாடல் நோயும் பொதுவானது. சாம்பல் இடுவதும் தவறு. மண் காரத்தன்மையுற்றுக் கிழங்கில் சொறி நோய் காணும்.

நடவும் பராமரிப்பும்

சாக்கின் வாயைச் சுருட்டி, 20 செ.மீ. உயரம் கலவை நிரப்பி, சாக்குக்கு இரண்டு கிழங்குகளை முளை மேல்நோக்க வைத்து, 8 செ.மீ. மூடவும். செடி ஒரு சாண் உயர்ந்ததும் சாக்கை அவிழ்த்து, நுனி இலைகள் மட்டும் தெரிய மண் அணைக்கவும். இரு வாரம் கழித்து மீண்டும் ஒரு முறை அணைக்கவும். முதல் அணைப்பின்போது செடிக்கு 10 கிராம் 17:17:17 கலப்பு உரம் இட்டால் போதும். யூரியாவை அள்ளி இட்டால் தழைதான் மிகும். சாக்கை உயர்த்திக்கொண்டே போனால் அடுக்கடுக்காகக் கிழங்கு பிடிக்கும் என்பது உண்மையன்று.

காலை வெயில் நன்கு படட்டும். மேற்குப் பக்கம் தென்னங்கீற்று மறைப்பு வைக்கவும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து ஈரம் குறைந்தால் நீர் ஊற்றவும். காயவிட்டுப் பின் வெள்ளமாக ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். அடைமழையில் சாக்குகளைத் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள். வயலில் இவ்வசதி இல்லை.

எச்சரிக்கை

வெளியே தெரியும் கிழங்கு வெளிச்சம் பட்டுப் பச்சையாகும். அதில் ‘சோலனின்’ என்னும் நஞ்சு சேரும், வேகவைத்தாலும் போகாது. பச்சைக் கிழங்கையும் தழையையும் ஆடு மாடுகளுக்கும் போடலாகாது. செடியில் காய்க்கும் சிறு காய்களும் நஞ்சே. குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுவடையும் கணக்கும்

நட்ட 80 முதல் 90 நாட்களில் இலை மஞ்சளாகும். ஒரு வாரம் நீரை நிறுத்திவிட்டுச் சாக்கைக் கவிழ்த்து எடுக்கலாம். செடிவாரியாக எடை போட்டுக் குறித்து வையுங்கள். செடிக்கு அரைக் கிலோ வந்தால் மிக நன்று. பெரும்பாலான செடிகளில் கால் கிலோவும் தேறாவிட்டால் ஏக்கர் கணக்கில் இறங்க வேண்டாம். நன்றாக வந்தாலும் மறு ஆண்டும் சாக்கிலேயே பார்த்து, பிறகு இரண்டு சென்டு நிலத்தில் தொடங்குங்கள். ஓர் ஆண்டுக் குளிர் மறு ஆண்டும் அப்படியே வரும் என்பதற்கு உறுதியில்லை.