வரலாற்றில் பெண்கள்

நுழையும்முன்

வரலாற்று நூல்களில் இடம்பெறுபவை நடந்தவை அனைத்தும் அல்ல. அவற்றுள் பதிவு பெற்றவை மட்டுமே. பதிவு பெறாதவற்றைத் தேடவும் கல்வி துணைசெய்ய வேண்டும். பள்ளிப் பாடத்திட்டத்தில் பெண்கள் வரலாறு பெறவேண்டிய இடத்தைத் திருச்சிராப்பள்ளியைச் சான்றாகக் கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

பெயர் பெற்றோர்

தென்னூரில் வாழும் மாணவருக்கு மலைக்கோட்டை அன்றாடக் காட்சி. அதன் அருகே அருங்காட்சியகம் இயங்கும் மண்டபம் இராணி மங்கம்மாளின் பெயரால் வழங்குகிறது. அவர் 1689 முதல் பேரனின் சார்பில் ஆட்சி செய்தார். பின்னர் இராணி மீனாட்சியும் இந்நகரிலிருந்து ஆண்டார். எனினும், அரசியரைப் பற்றி மட்டும் கற்பது பெண்கள் வரலாற்றின் தொடக்கமேயன்றி முழுமையாகாது.

பெயர் பெறாதோர்

1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி நடந்தனர். அவர்களுக்கு உணவளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்தார். மக்களோ உணவுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர்.

அவ்வுணவைச் சமைத்தவர் யாவர்? அடுக்களைப் பணி பெரும்பாலும் பெண்களுடையதாக இருந்த காலம் அது. ஆதலால், தண்டனைக்கு அஞ்சாது சமைத்தவர்களுள் பெண்களே மிகுதி எனக் கருத இடமுண்டு. உப்புப் போராட்டத்தில் சிறை சென்ற முதல் பெண்மணியான ருக்மிணி லட்சுமிபதியின் பெயரை வரலாறு அறியும். பொட்டலம் கட்டியவர்களின் பெயர்களோ நிலைபெறவில்லை. நடந்தவர்களின் மனவுறுதிக்கு உணவும் துணைநின்றது என்பதை உணரும்போது போராட்டத்தின் பரப்பு விரிகிறது.

பாடத்திட்டமும் வினாவும்

பெண்கள் வரலாற்றைச் சேர்த்தால் பாடச்சுமை கூடும் என்பர் சிலர். புதிய பாடங்களைச் சேர்ப்பது மட்டுமே வழியன்று. இருக்கும் பாடங்களிலேயே புதிய வினாக்களை எழுப்பலாம். போர், வேளாண்மை, வணிகம், விடுதலைப் போராட்டம் என எதனைக் கற்பித்தாலும், 'இதில் பெண்களின் பங்கு யாது? அது ஏன் பதிவாகவில்லை?' என வினவலாம். கல்வெட்டுகள், கடிதங்கள், வீட்டுக் கணக்கேடுகள், முதியோரின் நினைவுகள் ஆகியவை விடைதேடத் துணைபுரியும். பெட்டிச் செய்தியாக ஒதுக்கப்பட்ட பெண்கள் அப்போது பாடத்தின் உள்ளே இடம்பெறுவர். தம் வீட்டுப் பெண்களின் உழைப்பும் வரலாறே என்பதை மாணவரும் மாணவியரும் உணர்வர்.

கற்பவை கற்றபின்

உங்கள் குடும்பத்தின் மூத்த பெண்மணி ஒருவரிடம் அவருடைய இளமைக்காலக் கல்வி, பணி ஆகியவை குறித்து உரையாடி, ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பறையில் பகிர்க.